ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தவர்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். வேளாண் வணிகத்தையும் அதற்கான படிப்பையும் பற்றி இன்று பேசப் போகிறேன்.

எனக்கு அப்போது பதினான்கு வயது இருக்கும். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் ரப்பர். விடியுமுன்னே அப்பா தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போய்விடுவார். வெயில் ஏறுவதற்குள் சிரட்டைகளில் சேர்ந்த பாலை வாளியில் எடுத்து, வடிகட்டி, தண்ணீர் சேர்த்து, ஆசிட் ஊற்றித் தட்டுகளில் உறைய வைப்போம். மறுநாள் ரோலரில் கொடுத்து ஷீட் அடிப்போம். புகை போட்டு உலர்த்திக் கட்டாகக் கட்டி, மாதம் இரண்டு முறை கடைக்குக் கொண்டு போவோம்.

அப்படி ஒரு நாள் அப்பாவோடு நானும் போயிருந்தேன். கடைக்காரர் கட்டிலிருந்து ஒரு ஷீட்டை உருவி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "ஈரம் நிக்குது, குமிழும் கிடக்குது" என்றார். எடையில் கொஞ்சம் கழித்தார். விலையிலும் கொஞ்சம் கழித்தார். அப்பா ஒன்றும் பேசாமல் பணத்தை வாங்கிக்கொண்டார். பஸ்ஸுக்கு நடந்து வரும்போது, "அவர் சொன்னது சரிதானா அப்பா?" என்று கேட்டேன். "அது அவருக்குத்தான் தெரியும் மக்களே" என்றார்.

நான் வேளாண்மை படிக்கப் போனதற்கும், இருபது வருடமாக விளைபொருள் கொள்முதலில் வேலை பார்ப்பதற்கும் அந்தப் பதில்தான் காரணம். அப்பாவுக்கு மரம் தெரியும், கத்தி தெரியும், மழை வரும் திசை தெரியும். ஆனால் ஷீட்டை எதற்காக வெளிச்சத்தில் பிடிக்கிறார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. புகைபோட்ட ரப்பர் ஷீட்டில் ஆர்.எஸ்.எஸ். ஒன்று முதல் ஐந்து வரை தரம் உண்டு. குமிழ், கரும்புள்ளி, பூஞ்சணம், உலராத வெள்ளைத் திட்டு எல்லாம் ஒளியில்தான் தெரியும். நம் சிறு விவசாயிகளின் ஷீட் பெரும்பாலும் நான்காம் தரத்துக்குப் போகும். அதன் விலையை ரப்பர் வாரியம் கோட்டயம் சந்தைக்கென்று தினமும் வெளியிடுகிறது. இன்று செல்போனில் எல்லாரும் பார்க்கிறோம். அன்று கடைக்காரர் சொன்னதுதான் விலை.

விளைகிற இடத்துக்கும் வாங்கிப் பயன்படுத்துகிறவருக்கும் நடுவே உள்ள இந்த வேலைகள் எல்லாம் சேர்ந்ததுதான் வேளாண் வணிகம். தரம் பிரிப்பது, உலர்த்துவது, சேமிப்பது, பொட்டலம் போடுவது, கடன் ஏற்பாடு செய்வது, ஏற்றி அனுப்புவது, விலை பேசுவது. பிளஸ் டூ முடிவு வந்ததும் நம் வீடுகளில், "மெடிக்கல் கிடைக்கலேன்னா அக்ரி போட்டுப் பார்ப்போம்" என்று ஒரு பேச்சு வரும். வருத்தத்தோடு சொல்கிறேன், அப்படி வந்து சேருகிற பிள்ளைகள் நான்கு வருடத்தையும் சோர்ந்துபோய்க் கழிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் எந்தக் கோர்ஸ் என்பதை அப்புறம் பேசலாம். முதலில் ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு, அது போகிற வழியெல்லாம் கூடவே போய்ப் பாருங்கள்.

அதற்கு நம் மாவட்டம் மாதிரி வசதியான இடம் கிடைப்பது அபூர்வம். இரண்டு பருவமழையும் இங்கே பெய்கிறது. மேற்கே ரப்பர், மலையில் கிராம்பும் மிளகும், ஈத்தாமொழிப் பக்கம் தென்னை, தோவாளையில் பூ, வயல்களில் நெல்லும் வாழையும், கடலோரம் மீன். இவ்வளவும் ஒரு நாள் பஸ் பயணத்துக்குள் அடங்கிவிடும். இந்தியாவில் விளையும் கிராம்பில் பெரும்பங்கு மாறாமலை போன்ற நம் மலைத் தோட்டங்களிலிருந்து வருகிறது. மொட்டு விரிவதற்கு முன்பே கையால் பறித்து, வெயிலில் உலர்த்தி எடுக்க வேண்டும். விரிந்துவிட்டால் தரம் போச்சு.

மார்த்தாண்டம் தேனை எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் மரம் இலை உதிர்த்து மறுபடி தளிர்க்கும்போது, இலைக்காம்பின் முனையில் சுரக்கும் இனிப்பைத்தான் தேனீ எடுத்து வருகிறது. நம் ஊர்த் தேனின் பெரும்பகுதி இப்படி இலையில் சுரந்ததுதான். பூவில் எடுத்தது குறைவு. ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் பணி மூலம் நூறு வருடத்துக்கு முன் இங்கே வேரூன்றிய தொழில் இது. 1990களின் தொடக்கத்தில் ஒரு வைரஸ் நோய் வந்து கூட்டம் கூட்டமாகத் தேனீக்களை அழித்தது. அதிலிருந்து மீண்டு வந்து, 2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு, அதாவது இன்ன ஊர்ப் பொருள் என்ற அரசுப் பதிவு, கிடைத்தது. அதே ஆண்டில் மட்டி வாழைக்கும் கிடைத்தது. சரி, குறியீடு கிடைத்துவிட்டது, விலை தானாக ஏறிவிடுமா? ஏறாது. நம் தேனில் ஈரம் கூடுதல். அதைப் பக்குவமாகக் குறைக்காவிட்டால் பாட்டிலிலேயே புளித்துவிடும். ஈரத்தை அளக்க, சோதனைச் சான்று வாங்க, உணவுப் பாதுகாப்பு உரிமம் எடுக்க, வெளியூர் வியாபாரியோடு ஒப்பந்தம் எழுத ஆள் வேண்டும். படித்த பிள்ளைகளுக்கான வேலை இங்கேதான் இருக்கிறது.

பொருளோடு போய்ப் பார்க்கும்போது, எந்த இடத்தில் நின்று பார்க்க உங்களுக்கு அலுக்கவில்லை என்று கவனியுங்கள். படிப்பை அதை வைத்து முடிவு செய்யலாம். செடியும் மண்ணும் நோயும்தான் பிடிக்கிறது என்றால் பி.எஸ்சி. வேளாண்மை அல்லது தோட்டக்கலை. பழத்தைக் கெடாமல் வைப்பதும் பதப்படுத்துவதும் என்றால் பி.டெக். உணவுத் தொழில்நுட்பம். இயந்திரமும் பாசனமும் என்றால் வேளாண் பொறியியல். விலையும் கணக்கும் சந்தையும் என்றால் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் இளநிலையிலேயே வேளாண் வணிக மேலாண்மை இருக்கிறது. எல்லாம் நான்கு வருடப் படிப்பு. நமக்குப் பக்கம் என்று பார்த்தால் கிள்ளிகுளத்தில் வேளாண்மைக் கல்லூரியும், தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரியும் உண்டு.

வேளாண் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு நீட் தேவையில்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போட்டுக் கலந்தாய்வு நடத்துகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு இதிலும் உண்டு. பல பெற்றோருக்கு இது தெரியாமலே போய்விடுகிறது. தனியார் கல்லூரியில் சேர்வதானால், வேளாண் பல்கலைக்கழக இணைப்பும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரமும் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

என்னைக் கேட்டால், முதல் பட்டம் விளைச்சல் பக்கமும், இரண்டாவது பட்டம் வணிகம் பக்கமும் இருப்பது நல்லது. பயிரைத் தெரியாமல் வியாபாரம் மட்டும் தெரிந்தவர் தோட்டத்தில் நின்று விவசாயியோடு பேசும்போது தடுமாறுகிறார். வேளாண் பட்டத்துக்குப் பிறகு கோவையிலேயே எம்.பி.ஏ. வேளாண் வணிகம் படிக்கலாம். ஐதராபாத்தில் மேனேஜ் என்ற மத்திய அரசின் வேளாண் மேலாண்மை நிறுவனம் இருக்கிறது. அகமதாபாத், லக்னோ ஐ.ஐ.எம்.களில் இதற்கென்றே தனிப் படிப்பு நடத்துகிறார்கள். பி.காம். படிக்கும் பிள்ளைகள் நமக்கு வழியில்லை என்று நினைக்க வேண்டாம். அமுல் பாலை வளர்த்த வர்கீஸ் குரியன் 1979இல் குஜராத்தின் ஆனந்தில் தொடங்கிய இர்மா, எந்தப் பட்டதாரியையும் ஊரக மேலாண்மைக்கு எடுத்துக்கொள்கிறது.

கல்லூரியில் இருக்கும் காலத்தில் ஒன்றை மட்டும் வீணாக்காதீர்கள். கடைசி வருடத்தில் கிராமத் தங்கல் பயிற்சி என்று ஒன்று வரும். மாணவர்கள் ஊரிலேயே தங்கி விவசாயிகளோடு வேலை செய்ய வேண்டும். பலர் அதைப் போட்டோ எடுத்து ரெக்கார்டு நோட்டில் ஒட்டுவதோடு முடித்துவிடுகிறார்கள். நான் தங்கிய வீட்டில் ஓர் அக்கா, வெட்டிய ஏத்தன் (நேந்திரன்) வாழைக் குலையைத் தரையில் வைக்காமல் வாழைச் சருகு விரித்து அதன்மேல் சாய்த்து வைப்பார். ஏன் என்று கேட்டேன். "இப்போ தெரியாது பிள்ளே, பழுக்கும்போதுதான் கறுப்பு விழும். சிப்ஸ்காரன் எடுப்பான், பழக்கடைக்காரன் எடுக்கமாட்டான்" என்றார். அறுவடைக்குப் பிந்தைய இழப்பைப் பற்றி நான் கற்ற முதல் பாடம் அதுதான். கொள்முதலில் இன்றைக்கும் குலையைக் கையால் தடவிப் பார்த்துத்தான் எடுக்கிறேன்.

வேலையைப் பற்றிக் கேட்பீர்கள். அரசில் வேளாண் அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. வங்கிகளில் வேளாண் கள அலுவலர் பணி உண்டு, ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு உண்டு. ரப்பர், தென்னை, நறுமணப் பொருள் வாரியங்கள் உண்டு. தனியாரில் விதை, உரம், உணவு, ஏற்றுமதி நிறுவனங்கள். சொந்தமாகத் தொழில் செய்ய நினைப்பவர்களுக்கு 2002இலிருந்து வேளாண் மருந்தகம் (அக்ரி கிளினிக்), வேளாண் வணிக மையத் திட்டம் நடக்கிறது. 45 நாள் இலவசப் பயிற்சி, பிறகு நபார்டு வழியாகக் கடனுக்கு மானியம். பொதுப்பிரிவுக்கு 36 சதவீதம், பெண்களுக்கு 44 சதவீதம். நம் பெண்பிள்ளைகள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் மனசுக்கு நெருக்கமானது உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். விவசாயிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் கம்பெனி. பத்தாயிரம் நிறுவனங்களை உருவாக்க மத்திய அரசு 2020இல் திட்டம் கொண்டுவந்தது. சமவெளியில் ஒன்றுக்குக் குறைந்தது 300 உறுப்பினர் வேண்டும். உறுப்பினர் சேர்ந்துவிடுகிறார்கள். கணக்கு எழுத, தரம் பார்க்க, மொத்த வியாபாரியோடு உட்கார்ந்து விலை பேச ஊர்ப்பிள்ளை ஒருவர் கிடைப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. ஆரம்பச் சம்பளம் ஐ.டி. கம்பெனி அளவுக்கு வராது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் மூன்று வருடம் அங்கே வேலை செய்தவருக்கு, கொள்முதல் முதல் வங்கிக் கடன் வரை எல்லாம் கைக்கு வந்துவிடும்.

போன கோடையில் திருவட்டாறு பக்கத்திலிருந்து பிளஸ் ஒன் முடித்த ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தாள். விடுமுறையில் ஒரு வேலை செய்யச் சொல்லியிருந்தேன். மட்டிக் குலையைத் தோட்டத்தில் என்ன விலைக்கு எடுக்கிறார்கள், சந்தையில் ஏலத்தில் என்ன விலை போகிறது, கடையில் சீப்பு என்ன விலை. மூன்றையும் தினமும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுத வேண்டும். எழுதியிருந்தாள். நான் சொல்லாத நான்காவது கட்டம் ஒன்றையும் அவளாகவே போட்டிருந்தாள்: கடையில் அன்று சீப்பிலிருந்து உதிர்ந்து விற்காமல் போன பழம் எத்தனை என்று. கடைக்காரரிடம் கேட்டு, அவர் சொல்லாத நாட்களில் கூடையில் கிடந்ததை எண்ணியிருக்கிறாள்.

"மாமி, இந்தப் பழம் இன்னும் ரெண்டு நாள் உதிராம நின்னா போதும், திருவனந்தபுரம் தாண்டிக் கொண்டு போயிரலாம். அதுக்கு எந்தக் கோர்ஸ் படிக்கணும்?" என்று கேட்டாள்.

உணவுத் தொழில்நுட்பம், தோட்டக்கலை இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். இந்த வருடம் அவள் பிளஸ் டூ. நோட்டில் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

நன்றி, வணக்கம்.