555 ஐசியைப் பாட வைப்போம்

நேயர்களுக்கு வணக்கம். எலக்ட்ரானிக்ஸ் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு வழக்கமாக முதலில் எதைச் செய்யச் சொல்வார்கள்? ஒரு எல்இடியை மினுக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடில்லை. எல்இடிக்குப் பதிலாக ஒரு சின்ன ஸ்பீக்கரை மாட்டுங்கள் என்பேன். சுற்று அதேதான். ஆனால் அதற்குள் நடப்பதைக் காது கண்டுபிடிக்கிற அளவுக்குக் கண் கண்டுபிடிக்காது. வானொலியில் பேசுவதால் எனக்கு ஒரு வசதி, சொல்வதை உடனே கேட்கவும் வைக்கலாம். பெட்டியைக் கையோடு கொண்டு வந்திருக்கிறேன்.

இதற்குள் இருப்பது 555 என்ற ஐசி, அதாவது ஒரு முழுச் சுற்றையே அடக்கிய சின்னச் சில்லு. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் காமென்சிண்ட், 1971-ல் அமெரிக்காவில் சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்தது; 1972-ல் விற்பனைக்கு வந்தது. முதல் வடிவத்துக்கு 9 கால்கள் தேவைப்பட்டன. 9 கால் என்றால் 14 கால் கூட்டில்தான் அடைக்க வேண்டும். அப்புறம் யோசித்து, உள்ளே வைத்திருந்த ஒரு பகுதியை எடுத்துவிட்டு, அந்த வேலைக்குச் சாதாரண ரெசிஸ்டரே, அதாவது மின்னோட்டத்தைத் தடுத்துக் குறைக்கிற பொருளே போதும் என்று கண்டார். 8 காலில் அடங்கிவிட்டது. இன்றைக்கும் சென்னை ரிச்சி தெருவில் ஒரு டீக்குக் கொடுக்கிற காசுக்கு இதை வாங்கலாம்.

சரி, தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். சாலிடரிங் வேண்டாம், கால்களைத் துளையில் செருகி இணைக்கிற பிரெட்போர்டு போதும். மின்சாரத்துக்கு 9 வோல்ட் பேட்டரி. வீட்டு மின் இணைப்புப் பக்கமே போக வேண்டியதில்லை. ஐசியின் பள்ளம் மேலே இருக்கும்படி பிடித்தால் இடது பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3, 4. வலது பக்கம் கீழிருந்து மேலாக 5, 6, 7, 8. ஒன்றாம் கால் பேட்டரியின் மைனஸுக்கு. 4-ம் 8-ம் பிளஸுக்கு. 2-ஐயும் 6-ஐயும் ஒரு கம்பியால் சேர்த்துவிடுங்கள். 8-க்கும் 7-க்கும் நடுவே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். 7-க்கும் 6-க்கும் நடுவே ஒரு 10 கிலோ ஓம், அதோடு வரிசையாக 100 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல், அதாவது குமிழைத் திருப்பினால் மதிப்பு மாறும் ரெசிஸ்டர். 2-ம் காலிலிருந்து மைனஸுக்கு ஒரு கெபாசிட்டர், மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் பொருள்; இதன் அளவைத்தான் பிறகு மாற்றி மாற்றிப் போடப்போகிறோம். 3-ம் காலில் சத்தம் வெளியே வரும். அங்கிருந்து 100 ஓம் ரெசிஸ்டர், பிறகு 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், பிறகு 8 ஓம் ஸ்பீக்கர், அதன் மறுமுனை மைனஸில். 5-ம் காலைச் சும்மா விட்டுவிடலாம்.

உள்ளே நடப்பதை வீட்டு மாடித் தொட்டியோடு ஒப்பிட்டால் போதும். தானியங்கி சுவிட்ச் வைத்த தொட்டி, மேல் கோட்டைத் தொட்டதும் மோட்டார் நிற்கும், கீழ்க் கோட்டுக்கு இறங்கியதும் ஓடும். இங்கே தொட்டி கெபாசிட்டர். மின்னழுத்தம் பேட்டரியில் மூன்றில் இரண்டு பங்கு ஏறியதும் 555 அதை வடிய விடும். மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியதும் மறுபடி நிரப்பும். 9 வோல்ட் பேட்டரி என்றால் 6-க்கும் 3-க்கும் இடையே. இந்தக் கோடுகள் பேட்டரியின் பங்காக இருப்பதால், பேட்டரி தளர்ந்தால் கோடுகளும் சேர்ந்தே இறங்குகின்றன. ஆகவே சத்தம் குறைந்தாலும் சுருதி ஏறக்குறைய அப்படியே நிற்கும். காமென்சிண்டின் கெட்டிக்காரத்தனத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இப்போது கேளுங்கள். 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், குமிழ் ஒரு கோடியில்.

(ஒலி: மெதுவான டக், டக்)

நொடிக்கு ஒன்றிரண்டு தட்டல்தான். இங்கே எல்இடி வைத்திருந்தாலும் அதே மினுக்கல் தெரியும். கெபாசிட்டரை 1 மைக்ரோஃபாரட் ஆக்குகிறேன்; குமிழை மெல்லத் திருப்புகிறேன்.

(ஒலி: தட்டல்கள் நெருங்கி உறுமலாக மாறுகின்றன)

கவனித்தீர்களா, எந்த இடத்தில் தட்டல் போய் உறுமல் வந்தது? நொடிக்கு 20 அலைவுகளை ஒட்டிய இடம் அது. நம் காது சுருதி என்று ஒன்றை உணரத் தொடங்குவது அங்கேதான். உங்கள் வானொலியின் ஸ்பீக்கர் சின்னதாக இருந்தால் அடிச்சத்தம் மெலிந்துதான் கேட்டிருக்கும், அதற்கு நான் பொறுப்பில்லை! அடுத்து 0.1 மைக்ரோஃபாரட். மேலே 104 என்று எழுதியிருக்கும்.

(ஒலி: தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிக்கு ஏறும் ஒலி)

கணக்குப்படி 65 ஹெர்ட்ஸிலிருந்து, அதாவது நொடிக்கு 65 அலைவிலிருந்து, 686 ஹெர்ட்ஸ் வரை, மூன்று ஸ்தாயிக்கும் மேல். எல்இடி என்றால் நொடிக்கு ஐம்பது அறுபது மினுக்கல் தாண்டியதுமே நிலையான வெளிச்சமாகத் தெரியும். 100-க்கும் 600-க்கும் கண்ணுக்கு வித்தியாசம் கிடையாது. காதுக்கோ வேலையே அங்கேதான் ஆரம்பம்.

குமிழைத் திருப்பும்போது ஒன்று புரியும். முதல் ஸ்தாயி ஏறுவதற்குள் குமிழ் பாதிக்கு மேல் திரும்பிவிடும். அடுத்த ஸ்தாயி கால் பங்குக்குச் சற்று அதிகம். மூன்றாவது அதிலும் பாதி. ஒவ்வொரு ஸ்தாயிக்கும் அதிர்வெண் இரட்டிப்பாக வேண்டும், அதற்கு ரெசிஸ்டர் பாதியாக வேண்டும் என்பதால் மேல் ஸ்வரங்கள் எல்லாம் ஒரு ஓரத்தில் நெருக்கியடிக்கின்றன. அங்கே ஸ்வரம் பிடிக்கக் கை நிதானம் வேண்டும். ஒரு கட்டை, அதாவது 261 ஹெர்ட்ஸ் அளவில் நிறுத்திப் பாருங்கள். கணக்குப் போட்டு வைத்த இடத்தில் நிற்காது. சாதாரண செராமிக் கெபாசிட்டரில் 10, 20 சதவீதம் கூடக் குறைய இருப்பது சகஜம். ஆர்மோனியத்தையோ சுருதிப் பெட்டியையோ பக்கத்தில் வைத்துக் காதால் சேர்ப்பதுதான் வழி.

சத்தமே வரவில்லையா? 4-ம் கால் அந்தரத்தில் தொங்குகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு பிரெட்போர்டின் ஓரக்கோடுகள். பெரிய போர்டு சிலவற்றில் அவை நடுவில் துண்டாகியிருக்கும், ஒரு கம்பி போட்டு இணைக்க வேண்டும். 10, 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்களில் மைனஸ் குறியிட்ட கால் எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். ஹெட்போன் மாட்டிக் கேட்க மட்டும் வேண்டாம், காதுக்கு ஆகாது.

வால்யூம் கன்ட்ரோலைக் கழற்றிவிட்டு அங்கே ஓர் எல்டிஆர் வையுங்கள். வெளிச்சம் பட்டால் ரெசிஸ்டன்ஸ் குறையும் பொருள் அது. கையால் நிழல் போட்டால் சுருதி இறங்கும், கையை எடுத்தால் ஏறும். வீட்டுப் பிள்ளைகள் அதன் பிறகு பெட்டியை உங்களிடம் திருப்பித் தர மாட்டார்கள்.

இதற்கு மேல் போக விரும்பினால் இன்னொரு 555-ஐச் சேர்த்து, ஒன்று மற்றதைத் தட்டி எழுப்பும்படி அமைக்கலாம். அமெரிக்க எலக்ட்ரானிக்ஸ் எழுத்தாளர் ஃபாரஸ்ட் மிம்ஸ் தந்த சுற்று அது. பிற்காலத்தில் அடாரி பங்க் கன்சோல் என்ற பெயரில் பரவியது. குமிழைத் திருப்பினால் சுருதி வழுக்காமல் படிப்படியாகத் தாவும். இரண்டு 555-களும் ஒரே கூட்டில் வேண்டுமானால் கடையில் 556 என்று கேளுங்கள், 14 காலோடு வரும். கால் எண்கள் அதில் வேறு, பார்த்து மாட்டுங்கள். வணக்கம்.