முதல் மழையை நம்ப வேண்டாம்: திருகோணமலையில் பெரும்போக வீட்டுத்தோட்டம்

வணக்கம் நேயர்களே.

திருகோணமலையில் ஒரு வருடத்தில் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் பெய்து முடிந்துவிடுகிறது. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று கணக்கு வைத்திருக்கிறோம். மழைக்கு அந்தக் கணக்குத் தெரியாது. வீட்டுத்தோட்டம் செய்கிறவர்கள் ஏமாறுவதும் அந்த இடத்தில்தான்.

இந்த நான்கு மாதமும் வருவது ஒரே மழை அல்ல. ஒக்டோபரில் வருவது இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட காலத்து இடிமழை. காலையில் வெயில் சுடும். பின்னேரம் முகில் திரண்டு ஒரு மணித்தியாலம் கொட்டிவிட்டுப் போய்விடும். கிண்ணியாப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வெள்ளம், அந்தப் பக்கம் புழுதி என்றும் இருக்கும். அதன்பிறகு ஒரு கிழமையோ பத்து நாளோ ஒரு துளி இராது. நவம்பர், டிசம்பரில் வருவது வங்காள விரிகுடாத் தாழமுக்கங்களின் மழை. அது நாட்கணக்கில் விடாது. சில வருடங்களில் புயலாகவும் வரும்; 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது.

முதல் இடிமழை விழுந்த மறுநாளே வீட்டில் இருக்கிற விதை முழுவதையும் போட்டுவிடுவது நம்மிடையே பெரிய வழக்கம். விதை முளைக்கும். பத்து நாள் வெயிலில் பாதி கருகும். தப்பியது நான்கு இலையோடு நிற்கும்போது அடைமழை பிடிக்கும், வேர் அழுகும். அதனால் இந்தப் போகத்துக்கு நான் சொல்வது ஒரே விதி. நவம்பர் மழை இறங்கும்போது செடி ஒன்றில் மண்ணில் வேர்பிடித்து மூன்று கிழமை ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் இன்னும் கூரைக்குக் கீழே நாற்றாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட செடிதான் சாகும்.

கத்தரியும் மிளகாயும் முதல் வகை. விதையைச் செப்டெம்பர் முதல் பாதியில், மழையை எதிர்பார்க்காமல், பூவாளித் தண்ணீரில் முளைக்க வைக்க வேண்டும். நாலைந்து கிழமை வளர்ந்த நாற்றை ஒக்டோபர் 10ஆம் திகதியை ஒட்டி நடலாம். நட்டபின் மழை இல்லாத நாட்களில் தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும், அந்தச் சிரமத்தைத் தவிர்க்க வழியில்லை. கத்தரிக்கு 3 அடிக்கு 2 அடி, மிளகாய்க்கு 2 அடிக்கு ஒன்றரை அடி இடைவெளி. விதையில் பாதியைக் கையில் வைத்திருந்து பத்து நாள் கழித்து இரண்டாம் தவணையாகப் போடுங்கள். முதல் தவணை கெட்டாலும் நாற்றுக்கு அலைய வேண்டாம்.

தக்காளி இரண்டாம் வகை. நவம்பர் நடுப்பகுதியில் கூரைக்குக் கீழே விதைத்து, டிசம்பர் நடுப்பகுதியில் மழை விட்ட இடைவெளி பார்த்து நடுவது நல்லது. ஜனவரி, பெப்ரவரி இரவுகள்தான் நம் ஊரில் சற்றுக் குளிர்ந்தவை. தக்காளிப் பூ உதிராமல் பிஞ்சு பிடிக்க அந்த இரவுகள் வேண்டும்.

வெண்டி, பயற்றை இரண்டையும் நேரே மண்ணில் விதைக்கலாம். எப்போது என்றால், மழை பெய்த மறுநாள் ஒரு கத்தியால் மண்ணைக் கிளறிப் பாருங்கள். ஒரு சாண் ஆழம் வரை ஈரம் இறங்கியிருந்தால் விதைக்கலாம். மேலே இரண்டு அங்குலம் நனைந்து கீழே காய்ந்திருந்தால், அது விதையை முளைக்க வைத்துக் கொல்லுகிற மழை.

இனி நாற்றுமேடை. 3 அடி அகலம், அரை அடி உயரம் போதும். மேடையின் மேல் வைக்கோலும் உமியும் மாறி மாறிப் பரப்பி, காற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்து தீ வையுங்கள். அப்போதுதான் தீ மெதுவாக ஊர்ந்து மண்ணின் மேற்பகுதியைச் சூடாக்கும், நாற்றழுகலைக் கொண்டுவரும் பூஞ்சணம் குறையும். அடுத்த நாள் ஆறியபின் 4 அங்குல இடைவெளியில் வரி கீறி, அரைச் சென்ரிமீற்றர் ஆழத்தில் விதையை ஐதாகப் போட்டு, மெல்லிய வைக்கோலால் மூடுங்கள். முளை தெரிந்த அன்றே வைக்கோலை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் நாற்று வெளிறி நெடுத்துவிடும்.

கூரைக்குத் தெளிவான பொலித்தீன். ஒரு பக்கம் 4 அடி, மறுபக்கம் 3 அடி உயரத்தில் சரிவாகக் கட்டுங்கள். பக்கங்களை மூட வேண்டாம். வாடைக்காற்று அடிக்கிற வடகிழக்குப் பக்கத்துக்கு மட்டும் ஒரு கிடுகு போதும். நாலு பக்கமும் இறுக்கி மூடி, பின்னேரத்தில் தண்ணீரும் ஊற்றினால், நாற்றின் கழுத்து நிலமட்டத்தில் மெலிந்து கூட்டம் கூட்டமாகச் சாயும். அதுதான் நாற்றழுகல். காலையில் மட்டும் ஊற்றுங்கள். நடுவதற்கு ஒரு கிழமைக்கு முன்பே கூரையைக் கழற்றி, தண்ணீரையும் குறைத்து நாற்றை வெயிலுக்குப் பழக்க வேண்டும்.

உயர்த்திய பாத்தி எல்லா நிலத்துக்கும் நல்லது என்று இப்போது ஒரு பேச்சு. நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலத்தில் கிடங்கு வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். வற்றியதும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் தடவை ஊற்றியது அடுத்த நாளும் நின்றால் அந்த நிலத்துக்குத்தான் பாத்தி உயர வேண்டும். மூதூர், தம்பலகாமம் பக்கத்துக் களிமண் வளவுகள் பெரும்பாலும் அப்படி. அங்கே பாத்தி ஒரு அடி உயரம், 4 அடிக்கு மேற்படாத அகலம், இடையில் ஒரு அடி வாய்க்கால். 30 அடி வாய்க்காலுக்கு 3 அங்குலச் சரிவு இருந்தால் தண்ணீர் ஓடும், மண்ணை அரிக்காது. வாய்க்கால் முடிகிற இடம் கிணற்றடியாக இருக்கக் கூடாது. நிலாவெளி, குச்சவெளிக் கடற்கரை மணலில் தண்ணீர் நிற்காது, பசளைதான் நிற்காது. அங்கே பாத்தியை உயர்த்தினால் பெப்ரவரியில் நீங்கள்தான் கூடுதலாகத் தண்ணீர் இறைக்க வேண்டிவரும். சதுர மீற்றருக்கு 2 கிலோ கூட்டெரு போட்டுக் கொத்திவிடுவதே அந்த மணலுக்குச் சரியான வேலை.

அடைமழை விட்டு வெயில் எறித்ததும் செடி வாடும். மண் சதசதவென்று இருக்கும்போதே இலை தொங்கும். பலர் தண்ணீர் காணாது என்று நினைத்து மேலும் ஊற்றுவார்கள். மண்ணின் இடைவெளிகளில் காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டதால் வேர் மூச்சடைத்து, உறிஞ்ச முடியாமல் நிற்கிறது, அவ்வளவுதான். வாய்க்காலைத் துப்புரவாக்கி இரண்டு நாள் பொறுங்கள். பாத்தியில் கால் வைக்க வேண்டாம், ஈரமண் இறுகிவிடும்.

இரண்டு நாளுக்குப் பிறகும் கத்தரியோ தக்காளியோ பச்சையாகவே வாடி நின்றால் ஒன்று செய்து பாருங்கள். நிலத்துக்குச் சற்று மேலே தண்டை வெட்டி, ஒரு சாண் துண்டு எடுத்து, கண்ணாடிக் குவளையில் தெளிந்த தண்ணீர் விட்டு, வெட்டுமுகம் தண்ணீரில் படும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுமுகத்தில் இருந்து பால்நிறத்தில் மெல்லிய இழை கீழே இறங்கினால் அது பற்றீரியா வாடல். மருந்து இல்லை. செடியை வேர்மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள், கூட்டெருக் கும்பத்தில் போட வேண்டாம். அந்தப் பாத்தியில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் நிறுத்தி, சோளமோ பயற்றையோ போடுங்கள். வெட்டிய கத்தியையும் கழுவிக் கொதிநீரில் போட்டு எடுங்கள்.

அடி இலைகள் மட்டும் மஞ்சளித்தால் பெரும்பாலும் நைதரசன் கழுவுண்டு போனதுதான். மழை நின்று புதுத் தளிர் தெரிந்தபின், செடிக்கு அரைத் தேக்கரண்டி யூரியாவைத் தண்டில் இருந்து அரை அடி தள்ளி மண்ணுக்குள் மூடுங்கள். மழைக்கு முன் போட்ட யூரியா பக்கத்து வளவுக்குத்தான் போகும்.

நத்தைக்கு உப்புப் போட வேண்டாம், மண் கெடும். நனைத்த சாக்கின் கீழே பப்பாசி இலை வைத்து, விடியற்காலையில் சாக்கைத் தூக்கிப் பொறுக்கலாம்.

புயல் எச்சரிக்கை வந்தால் முதலில் நாற்றுமேடைப் பொலித்தீனைக் கழற்றுங்கள். காற்றில் அது பாய்மரம் மாதிரி கம்பையும் பிடுங்கிக்கொண்டு போகும். தட்டுகளில் இருக்கிற நாற்றை வீட்டுக்குள் எடுங்கள். வாழையில் மேல் இலை மூன்று நாலை விட்டு மற்றதை வெட்டினால் சாய்வது குறையும். முற்றிய காயைப் பிடுங்கிவிடுங்கள். புயல் போனபின் உப்புவெளி மாதிரிக் கடலோர வளவுகளில் இலை ஓரம் கருகினால் அது கடற்காற்றின் உப்பு. நல்ல தண்ணீரால் காலையில் கழுவுங்கள். சாய்ந்த செடியை அன்றைக்கே நிமிர்த்தி மண் அணைக்க வேண்டும். இரண்டு நாள் விட்டால் நுனி மேலே வளைந்து தண்டு கோணிவிடும்.

மழை முடியும் நேரமும் சொல்லிக்கொண்டு வராது. ஆகவே ஜனவரிக் கடைசியில், மண்ணில் ஈரம் இருக்கும்போதே வைக்கோலை 3 அங்குலத் தடிப்பில் பரப்பிவிடுங்கள், தண்டைச் சுற்றி 2 அங்குலம் வெறுமையாக விட்டு. ஒட்டிப் போட்டால் கறையான் ஏறும். காய்ந்த மண்ணின் மேல் பரப்பினால் பிறகு வருகிற சிறு தூறலை வைக்கோலே குடித்துவிடும். நோய் எதுவென்று தெரியாவிட்டால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் செடியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். வணக்கம்.