மாம்பழமும் யானையும்: உள்ளுறையும் இறைச்சியும் பிரியும் இடம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சங்கப் பாடல்களுக்கு விளக்கம் எழுதுவோர் பலர், பாட்டில் ஒரு விலங்கோ பறவையோ மரமோ வந்துவிட்டால் உடனே 'உள்ளுறை' என்று குறித்துவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுகின்றனர். சிலர் அதையே 'இறைச்சி' என்பர். இரண்டும் பாட்டில் நேரே சொல்லாத பொருளை உணர்த்தும் முறைகளுக்கு இலக்கணம் தந்த பெயர்கள். வேறு சிலர் இரு சொற்களையும் ஒரே பொருளில் மாற்றி மாற்றி ஆள்வர். சொன்ன பொருளிலிருந்து சொல்லாத பொருளுக்குக் கேட்பவர் எந்த வழியாகப் போய்ச் சேர்கிறார் என்று பார்த்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

உவமைக்கும் உருவகத்துக்கும் உள்ள வேறுபாடு எளியது, பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். மதிமுகம் என்றால் உவமை, முகமதி என்றால் உருவகம். உவமையையும் பொருளையும் வேற்றுமை ஒழித்து ஒன்றாக்குவது உருவகம் என்கிறது தண்டியலங்காரம். இரண்டிலும் ஒப்பிடப்படும் இரு பொருள்களும் சொல்லிலேயே நிற்கின்றன. கேட்பவர் தேடிப் போக வேண்டியது ஒன்றுமில்லை. அதனால்தான் போலும், தொல்காப்பியத்தின் அகத்திணையியல் உவமத்தை உள்ளுறை உவமம், ஏனை உவமம் என்று இரண்டாக வகுத்து, 'ஏனை உவமம் தானுணர் வகைத்தே' என்று பின்னதை ஒரே அடியில் முடித்துவிடுகிறது.

இந்த இரண்டு வகையும் ஒரே பாட்டில் அருகருகே நிற்பதைக் காண வேண்டுமானால் குறுந்தொகையின் எட்டாம் பாடலைப் பார்க்கலாம். ஆலங்குடி வங்கனார் பாடிய மருதப் பாட்டு அது. தலைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்ட பரத்தை, தலைவியைச் சேர்ந்தவர்கள் காதில் விழும்படி பேசுகிறாள். 'கழனி மாத்து விளைந்துகு தீம்பழம் பழன வாளை கதூஉம் ஊரன்' என்று தலைவனைக் குறிப்பிட்டுத் தொடங்குகிறாள். வயலோரத்து மாமரத்தில் பழுத்துத் தானே உதிரும் பழத்தை நீரில் கிடக்கும் வாளைமீன் கவ்விக்கொள்கிறது. அத்தகைய ஊருக்கு உரியவன் அவன். மேலோட்டமாகக் கேட்டால் இது ஊர் வருணனை மட்டுமே. ஆனால் பேசுபவள் யார், எதற்காகப் பேசுகிறாள் என்று தெரிந்தவருக்கு ஒவ்வொரு சொல்லும் வேறொன்றோடு பொருந்தும். மரம் தலைவியின் மனை, பழம் தலைவன், வாளை பரத்தை. வாளை மரமேறவில்லை, கிளையை உலுக்கவும் இல்லை. பழம்தான் வந்து விழுந்தது. தன் மீதான பழிக்கு அவள் தரும் விடை முழுவதும் அந்த இரண்டு அடிக்குள் அடங்கிவிட்டது. இப்படிச் சொன்னதோடு ஒத்துச் சொல்லாத பொருள் முடிய வேண்டும் என்று உள்ளே வைத்துச் சொல்வதையே தொல்காப்பியம் உள்ளுறை உவமம் என்கிறது.

அதே பாட்டின் பின்பகுதியில், எங்கள் இடத்தில் பெருமொழி பேசிவிட்டுத் தன் வீட்டில் 'கையும் காலும் தூக்கத் தூக்கும் ஆடிப்பாவை போல' மனைவிக்கு வேண்டியதைச் செய்கிறான் என்று தலைவனை அவள் எள்ளுகிறாள். கண்ணாடியில் தெரியும் உருவம் நாம் கை தூக்கினால் கை தூக்கும், கால் தூக்கினால் கால் தூக்கும். இங்கே 'போல' என்ற உருபு வெளிப்படையாக நிற்கிறது. இது ஏனை உவமம். தன்னைக் காத்துக்கொள்ளும் இடத்தில் மறைத்துப் பேசியவள், குத்திக் காட்டும் இடத்தில் திறந்து பேசுகிறாள். எந்த அணியை எங்கே ஆள்வது என்பதில் வங்கனாருக்கு இருந்த தேர்ச்சியை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாட்டு எனக்குத் தெரிந்து குறைவு.

உவமானத்தை மட்டும் சொல்லிப் பொருளை மறைப்பதுதான் உள்ளுறை என்றால், அது பிறிதுமொழிதல் அணிதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' என்ற குறளில் மயிலிறகு ஏற்றிய வண்டி வருகிறது. மெலியவரே ஆயினும் பலர் சேர்ந்தால் வலியவனும் வீழ்வான் என்ற பொருள் சொல்லப்படவில்லை. இதைப் பிறிதுமொழிதல் என்று குறிக்கும் பரிமேலழகர், 'நுவலா நுவற்சி' என்பாரும் 'ஒட்டு' என்பாரும் உண்டு என்கிறார். ஆனால் அந்த வண்டி எந்தத் தெருவிலும் நிற்கவில்லை. வலியறிதல் என்ற அதிகாரத்துக்காகவே கட்டப்பட்ட வண்டி அது. பொருள் புரிந்ததும் அதன் வேலை முடிந்துவிடுகிறது. வங்கனாரின் மாமரமோ தலைவனின் ஊரில் உண்மையாகவே நிற்கிறது. உள்ளுறையை உணராதவருக்கும் அந்த மரம் மருத நிலத்தின் மரமாக மிஞ்சும். மேலும் உள்ளுறை, தெய்வம் ஒழிந்த கருப்பொருளை, அதாவது அந்தந்த நிலத்துக்கு உரிய விலங்கு, பறவை, மரம் போன்றவற்றை, அடிப்படையாகக் கொண்டே பிறக்க வேண்டும் என்ற வரையறை உண்டு; பிறிதுமொழிதலுக்கு அத்தகைய எல்லை கிடையாது.

இனி இறைச்சி. பெரும்பாலோர் இடறுவது இங்கேதான். பாலை பாடிய பெருங்கடுங்கோவின் குறுந்தொகை 37-ஆம் பாட்டில், பிரிவால் வாடும் தலைவியிடம் தோழி சொல்கிறாள்: அவர் உன்மேல் விருப்பம் மிக உடையவர், அன்பும் செய்வார், அவர் போன வழியில், பிடியின் பசியைப் போக்குவதற்காகக் களிறு யா மரத்தின் மெல்லிய கிளையை உரிக்கும். களிறு தலைவன், பிடி தலைவி என்று பொருத்தி இதையும் உள்ளுறை என்று எழுதிவிடுவது வழக்கம். பொருத்திப் பாருங்கள், பொருந்தாது. களிறு தன் பிடியின் பக்கத்திலேயே நின்று பசி தீர்க்கிறது. தலைவனோ தலைவியை விட்டுப் போயிருக்கிறான். அவன் செய்யாமல் விட்டதைத்தான் அந்த விலங்கு செய்கிறது. இங்கே ஒப்புமை இல்லை. ஒரு காட்சியும் அதைப் பார்க்கப் போகும் ஒரு மனிதனும் இருக்கின்றனர். அதைக் கண்டதும் அவனுக்குத் தன் கடமை நினைவுக்கு வரும், திரும்பி வருவான் என்பதே தோழி சொல்லாமல் விட்டது. தொல்காப்பியத்தின் பொருளியல் 'இறைச்சி தானே பொருட்புறத் ததுவே', அதாவது இறைச்சி சொன்ன பொருளுக்குப் புறத்தே நிற்பது, என்று கூறுவதோடு, தலைவி வருந்தும்போது அன்புகொள்ளத் தக்கவற்றை இறைச்சியில் சுட்டுவது வன்புறை, அதாவது ஆற்றுவிக்கும் உறுதிமொழி ஆகும் என்றும் கூறுகிறது. இந்தப் பாட்டுக்கென்றே எழுதியது போன்ற நூற்பா அது.

எனவே ஐயம் வரும்போது, காட்சியில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பாட்டின் மாந்தரோடு பொருத்திப் பார்ப்பது நல்லது. இடையில் முறியாமல் பொருந்தினால் உள்ளுறை. முறிந்தும் காட்சியிலிருந்து ஒரு பொருள் பிறந்தால் இறைச்சி. இரண்டுக்கும் இடம் தரும் பாடல்கள் உண்டு. உரையாசிரியர்களே மாறுபடும் இடங்களும் உண்டு. ஆனால் இன்றைய புதுக்கவிதையில் வரும் காக்கையையும் மின்கம்பத்தையும் உள்ளுறை என்று பாராட்டுவதை என்னால் ஏற்க இயலவில்லை. திணையும், கூற்றுக்கு உரியவரும், அதைக் கேட்டுப் பொருள் முடிக்கத் தெரிந்த எதிராளியும் இல்லாத இடத்தில் அந்தப் பெயருக்கு வேலை இல்லை. படிமம் என்றோ குறியீடு என்றோ சொன்னால் போதும்.

நன்றி. வணக்கம்.