மேலே ஓர் இடம் காலியாக வேண்டும்

நண்பர்களே, வணக்கம். பேஸ்பால் என்றதும் நமக்கு ஹோம் ரன்தான் ஞாபகம் வரும். நான் பேசப்போவது அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கில் ஒரு ஹோம் ரன்கூட அடிக்காத ட்ரூ மேஜியைப் பற்றி.

அவர் ஒரு இன்ஃபீல்டர், அதாவது பேஸ்களை ஒட்டி நிற்கும் ஃபீல்டர். முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ்காரர்கள், இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் ஷார்ட்ஸ்டாப் என நான்கு பேர். மட்டையிலிருந்து சீறி வரும் பந்தைப் பொறுக்கி, ஓடுபவர் பேஸைத் தொடும் முன் எறிய வேண்டும். நம் கிரிக்கெட்டில் பாயிண்டில் நிற்பவருக்கு இருக்கும் பதற்றம், இவர்களுக்கு ஆட்டம் முழுக்க.

2010-இல், அணிகள் புதிய ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி மேஜியை 15-ஆவது சுற்றில் எடுத்தது. அவ்வளவு பின்னால் எடுக்கப்படுபவர்களில் பெரும்பாலானோர் மேஜர் லீக் மைதானத்தில் கால் வைப்பதே இல்லை. கீழே மைனர் லீக்குகள்: சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று படிகள். உச்சியில் 30 அணிகள். சீசனின் பெரும்பகுதியில் அணிக்கு 26 பேர். கணக்குப் போட்டால் 780 நாற்காலிகள், உலகம் முழுவதற்கும்! ஹோசே அல்டூவே போன்றவர்கள் 2011-இல் டிரிபிள்-ஏவை மிதிக்காமலே, 21 வயதில் மேலே தாவினார்கள். அது வேறு ரகம். மேஜி ஏஞ்சல்ஸ், டாட்ஜர்ஸ், கிளீவ்லேண்ட், மினசோட்டா என அமைப்பு மாறி மாறி, மைனர் லீக்குகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார்.

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன். 2023 ஒப்பந்தத்தில்தான் டிரிபிள்-ஏ ஆட்டக்காரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 17,500 டாலரிலிருந்து 35,800 ஆனது. அதே ஆண்டு மேஜர் லீக்கின் குறைந்தபட்சம் 7,20,000 டாலர். இடையில் ஒரே ஒரு படி, சம்பளத்தில் இருபது மடங்கு வித்தியாசம்.

2021 செப்டம்பரில் மினசோட்டா அவரை மேலே கூப்பிட்டது. சீருடை மாட்டி பெஞ்சில் உட்கார்ந்தார். களத்தில் இறக்கவே இல்லை. சில நாளில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதைவிட, கூப்பிடாமலே இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

2023 ஏப்ரலில் அவர் மறுபடி பைரேட்ஸிடம், அவர்களின் டபுள்-ஏ அணியான ஆல்டூனாவில் இருந்தார், வயது 33. பிட்ஸ்பர்க்கில் மேஜர் லீக் ஆட்டக்காரர் பிரையன் ரெனால்ட்ஸ் துக்க விடுப்பில் போனார். அந்த விடுப்பு அதிகபட்சம் ஏழு நாள். அந்த ஏழு நாளுக்குத்தான் மேஜிக்கு அழைப்பு. திறமை இருந்தால் யாரும் தடுக்க முடியாது என்று மேடைகளில் முழங்குகிறோமே, இங்கே அது பாதிதான் உண்மை. மேலே ஒருவர் நகர வேண்டும், அந்த நேரம் பார்த்து நீங்களும் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். அதற்காகத்தான் இவரைப் போன்றவர்கள் எந்த இடத்தில் நிறுத்தினாலும் நிற்கக் கற்றுவைக்கிறார்கள்.

ஏப்ரல் 26, டாட்ஜர்ஸுக்கு எதிரான ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸில், ஊரின் செல்லப்பிள்ளை ஆண்ட்ரூ மெக்கட்சனுக்குப் பதிலாக மேஜி மட்டையோடு வந்தார். அரங்கமே எழுந்து அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. இடப்பக்கம் ஒரு பந்தை ஓங்கி அடித்தார், கோட்டுக்கு வெளியே போய் ஃபவுல். அப்புறம் மூன்றாவது ஸ்டிரைக்கும் விழுந்து ஸ்டிரைக்அவுட். அவுட்டாகித் திரும்பியவருக்கும் கைதட்டல் குறையவில்லை.

மூன்று நாள் கழித்து வாஷிங்டனில் முதல் ஹிட், அதாவது பந்தை அடித்து பேஸை எட்டினார், அதில் அணிக்கு ஒரு ரன்னும் வந்தது. மொத்தம் மூன்று ஆட்டம், ஆறு முறை பேட்டிங், இரண்டு ஹிட். ரெனால்ட்ஸ் வேலைக்குத் திரும்பியிருந்தார். மேஜி மறுபடி ஆல்டூனாவுக்குப் போய் ஆடினார்.