பெட்டியடிப் பையன் படித்த பாடம்

நேயர்களுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு மரியாதையும் ஒழுக்கமும் சொல்லிக்கொடுக்க வேண்டியது வீடா, பள்ளிக்கூடமா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். காரைக்குடிப் பக்கம் ரொம்ப காலம் வாத்தியார் வேலை பார்த்தவன் நான். அதனால் பள்ளிக்கூடத்துக்குப் பரிந்து பேசுவேன் என்று நினைத்திருப்பார்கள். பார்ப்போம்.

முன்பெல்லாம் பிள்ளையைச் சேர்க்க வரும் அப்பாக்கள், "கண்ணை மட்டும் விட்டுட்டு அடிங்க சார்" என்பார்கள். இன்று அப்படி அடிக்க முடியாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், அடிப்பதோடு மனத்தை நோகடிப்பதையும் சேர்த்தே தடுக்கிறது. பிரம்பு போனதும் ஒழுக்கமும் போச்சு என்று புலம்புகிறவர்கள் உண்டு. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கயிற்றில் தொங்கவிட்டுக் கோதண்டம் போட்டார்களே, அந்தக் காலத்திலும் பள்ளிக்கூடத்துக்குப் பயந்து ஒளிந்த பிள்ளைகள் இருக்கத்தான் செய்தார்கள். அடிக்குப் பயந்தவன் அகப்படாமல் இருக்கத்தான் பழகுவான்.

நம்ம செட்டிநாட்டில் வேறொரு பள்ளிக்கூடம் இருந்தது. ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கடை வைத்திருந்த ஊர்களுக்கு இங்கிருந்து சின்னப் பையன்களை அனுப்புவார்கள். பெட்டியடிப் பையன் என்று பெயர். கடையைக் கூட்டுவது, ஏவிய வேலையைச் செய்வது, கடிதத்துக்கு நகல் எழுதுவது, பணம் எண்ணுவது எல்லாம் அவன் வேலை. முந்திரி, காணி, மா என்று பழைய பின்னக் கணக்கெல்லாம் மனக்கணக்காக வர வேண்டும். தேறினால் அடுத்தாள் ஆவான், பிறகு மேலாள். பால்மணம் மாறாத பிள்ளையைக் கப்பலேற்றி, வருடக்கணக்கில் ஆத்தா முகம் பார்க்காமல் வைத்திருந்ததை நான் மெச்சவில்லை. ஆனால் பணப்பெட்டியை நம்பிப் பக்கத்தில் உட்கார வைத்தார்களே, அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். கல்யாணம் ஆனதும் 'வேறு வைப்பது' என்ற வழக்கமும் இதே வகைதான். ஒரே வளவுக்குள், அதாவது ஒரே வீட்டுக்குள், இருந்துகொண்டே தனி அடுப்பு, தனிச் செலவு. அரிசி பருப்பை அளந்து கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள்.

இப்போது பத்தாவது படிக்கிற பையனிடம் கரண்ட் பில் கட்டுகிற வேலையைக்கூட நாம் கொடுப்பதில்லை. படிச்சா போதும் என்கிறோம். அப்புறம் பொறுப்பே இல்லை என்று பள்ளிக்கூடத்தில் வந்து குறை சொல்கிறோம்.

மரியாதை விஷயம் இன்னும் சிக்கல். விசேஷ வீட்டு முகப்பில் நின்று வருகிற ஒவ்வொருவரையும் "வாங்க" என்று சொல்ல நம்ம பிள்ளைகளுக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை. அப்பச்சியும் ஐயாவும் சொல்வதைக் கேட்டே வந்துவிடும். சரி, அதே முகப்பில் விறகு இறக்க வந்த பெரியவரை, எட்டு வயதுப் பையன் பேர் சொல்லி "வாடா" என்று கூப்பிட்ட காலமும் இருந்ததே? அதையும் கேட்டுத்தானே பழகினான்? பழம்பெருமை பேசும்போது இதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

பள்ளிக்கூடமும் இதில் யோக்கியம் இல்லை. தலைமையாசிரியர் வந்தால் வகுப்பே எழுந்து நிற்கும். கழிப்பறை கழுவுகிற அம்மாவை ஆசிரியரே ஒருமையில் அதட்டுவார். எருமை, தண்டம் என்று நாள் முழுக்கத் திட்டு வாங்குகிற பிள்ளை வேறு எந்த மொழியில் பேசும்? எழுந்து நிற்பதை ஒரே வாரத்தில் பழக்கிவிடலாம். அந்த அம்மாவிடம் பிள்ளை எப்படிப் பேசுகிறான் என்பதை வைத்துத்தான் நான் மதிப்பெண் போடுவேன்.

பெற்றோருக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். அடுத்த முறை வீட்டில் கல்யாணமோ காதுகுத்தோ வரும்போது, மொய் எழுதுகிற இடத்தில் உங்கள் பிள்ளையை உட்கார வையுங்கள். வருகிறவரைக் கும்பிட்டு, பேரும் ஊரும் கேட்டு அவனே எழுதட்டும், பணத்தையும் அவனே வாங்கட்டும். கையெழுத்து கோணலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். கடைசியில் கூட்டி நேர் பார்க்கும்போது மட்டும் பக்கத்தில் இருங்கள். பத்து ரூபாய் குறைந்தால், நீங்கள் பையிலிருந்து எடுத்துப் போட்டுவிடாதீர்கள். எங்கே விட்டான் என்று அவனே தேடட்டும். நன்றி, வணக்கம்.