மங்கம்மாள் சாலையில் ஒரு சுமைதாங்கி

நேயர்களுக்கு வணக்கம். பத்து நிமிடம் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். இருபத்தாறு வருடம் மதுரைக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே பேருந்தில் நடத்துநராக ஓடியவனிடம் அந்தச் சாலையைப் பற்றிக் கேட்டால் பத்து நிமிடம் எந்த மூலைக்கு? ஆனால் ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். வேலையில் இருந்தவரை நான் அந்த ரோட்டைப் பார்த்ததே இல்லை. டிக்கெட், சில்லறை, படியில் தொங்குகிற பையன்கள், இவ்வளவுதான் கண்ணில் பட்டது. ஓய்வு பெற்றபின் மச்சினனைக் கூட்டிக்கொண்டு பைக்கில் போனேன், அப்போதுதான் பார்த்தேன்.

இன்றைக்கு அது தேசிய நெடுஞ்சாலை எண் 44. ஸ்ரீநகரில் கிளம்பி கன்னியாகுமரியில் முடிகிறது. எங்கள் காலத்தில் அது ஏழு, காசியிலிருந்து வருகிற ரோடு. அதற்கெல்லாம் முன்னால், மதுரைக்குத் தெற்கே, அது மங்கம்மாள் சாலை. பேரன் கைக்குழந்தையாக இருந்ததால் அவன் பெயரில் 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்டவர் ராணி மங்கம்மாள். சாலை போட்டார், மரம் வைத்தார், சத்திரம் கட்டினார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயர் சொல்லும் சத்திரம் இன்னும் இருக்கிறது, அடுத்தமுறை ரயிலை விட்டு இறங்கினால் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போங்கள். நடந்து போகிறவனுக்கு என்னென்ன வேண்டுமோ அதையெல்லாம் யோசித்துச் செய்திருக்கிறார்கள். நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதைத்தான், சலித்துக்கொள்ளாதீர்கள்.

நான்குவழிச் சாலையில் போனால் ஒரு ஊரும் தெரியாது, எல்லாம் பைபாஸ். அதனால் ஊருக்குள் போகிற பழைய ரோட்டைப் பிடித்தோம். சாத்தூரில் மச்சினன் வண்டியை நிறுத்தச் சொன்னான், வெள்ளரிக்காய். பிஞ்சாக நறுக்கி மிளகாய்ப்பொடி தூவிக் கொடுத்தார்கள். அப்புறம் காராச்சேவு ஒரு கிலோ. கோவில்பட்டியில் கடலைமிட்டாய், அதற்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்ததை மச்சினன் தன் சொந்தச் சாதனை மாதிரி கடைக்காரரிடமே விளக்கிக்கொண்டிருந்தான். சரி, தின்பண்டத்தை விடுங்கள்.

கோவில்பட்டி தாண்டி பழைய ரோட்டில் ஒரு டீக்கடை. கடைக்குப் பக்கத்தில் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு நீளக் கல்லைப் படுக்கப் போட்டிருக்கிறது. என் தோள் உயரம் இருக்கும். கடைக்காரர் அதன்மேல் வாழைத்தார் வைத்திருந்தார், ஒரு ஓரத்தில் தார்ப்பாய்க் கயிற்றைக் கட்டியிருந்தார். மச்சினன் கேட்டான், "அத்தான், இது என்ன, வாசல்படி எடுத்த கல்லா?" சுமைதாங்கி, நேயர்களே. நம்மில் பாதிப்பேர் பார்த்திருப்போம், எதற்கென்று யோசித்திருக்க மாட்டோம்.

யோசித்துப் பாருங்கள். தலையில் சும்மாடு வைத்து அதன்மேல் ஒரு மூட்டை, தனியாக நடக்கிறீர்கள். களைத்துப் போய் மூட்டையைத் தரையில் இறக்கிவிட்டால் தீர்ந்தது, மறுபடி தூக்கிவிட ஆள் வரும்வரை அங்கேயே உட்கார வேண்டியதுதான். எங்கள் ஆச்சி சந்தைக்குக் கருப்பட்டிப் பெட்டி சுமந்தவள். "இறக்குறது லேசுடா, ஏத்துறதுக்குத்தான் ஆளு வேணும்" என்பாள். கல் தோள் உயரத்தில் இருந்தால் அந்தக் கவலை இல்லை. கல் ஓரமாக நின்று, தலையைச் சாய்த்து, மூட்டையை அப்படியே கல்லுக்குத் தள்ளிவிடலாம். தண்ணீர் குடித்து, கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, முழங்காலை மடக்கித் தலையைக் கொடுத்தால் மூட்டை பழையபடி ஏறிக்கொள்ளும். யாரையும் கூப்பிட வேண்டாம். எனக்குத் தெரிந்து இதைவிட மரியாதையான ஏற்பாடு எந்த ரோட்டிலும் கிடையாது. இப்போது சுங்கச்சாவடியில் கழிப்பறை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

நாங்கள் அந்தக் கல்லைத் தடவிப் பார்ப்பதைக் கண்டு, டீ குடித்துக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருத்தர் எழுந்து வந்தார். "அது எங்க வீட்டுக் கல்லு தம்பி" என்றார். எப்படி ஆச்சி என்றேன். "எங்க மாமியாருக்கு அக்கா. பிள்ளைத்தாச்சியா இருந்து போயிட்டா. அவளுக்காக வச்சது."

வயிற்றில் பிள்ளையோடு ஒரு பெண் இறந்தால், அவள் சுமையை இறக்காமலே போய்விட்டாள் என்று வீட்டுக்காரர்கள் வழியோரத்தில் சுமைதாங்கி நடுவார்கள். வருகிறவன் போகிறவன் எல்லாம் அதில் மூட்டையை இறக்கி வைக்க வைக்க அவள் பாரமும் இறங்கும் என்பது நம்பிக்கை. இது எனக்குக் கேள்விப்பட்ட விஷயம்தான், ஆனால் சொந்தக்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். அந்த வழியாக எத்தனை ஆயிரம் தடவை விசில் ஊதிக்கொண்டு போயிருப்பேன்! மச்சினன் ஒன்றும் பேசவில்லை, டீக்கடைக்காரர் மட்டும், "வாழைத்தாரை எடுத்துரட்டுமா ஆச்சி?" என்றார். "இருக்கட்டும்யா, எதையாச்சும் வச்சாத்தான் அவளுக்கு நல்லது" என்றார் அந்த அம்மா.

புளியமரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பு இந்த ரோடு முழுக்க இரண்டு பக்கமும் புளியமரம்தான், அடியில் வெள்ளை பூசி எண் போட்டிருப்பார்கள், வருடா வருடம் காய்க்கு ஏலம் விடுவார்கள். நடக்கிறவனுக்கு நிழல், அரசாங்கத்துக்குப் பணம். ரோட்டை அகலப்படுத்தியபோது வெட்டிவிட்டார்கள். இப்போது நடுவில் அரளிச்செடி வைத்திருக்கிறார்கள், பூக்கிறது, ஆனால் அரளி நிழலில் யார் உட்கார முடியும்? கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டதும் ஒரு புளியமரத்தில்தான், 1799 அக்டோபர் 16. அந்த இடத்தை நடிகர் சிவாஜி கணேசன் வாங்கிச் சிலை வைத்தார். பேருந்திலிருந்து தினமும் பார்த்த சிலை, பக்கத்தில் போய் நின்றது இந்தத் தடவைதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கையைக் காட்டுகிறார். இன்னும் நான் திருநெல்வேலியே தாண்டவில்லை! அங்கே தாமிரபரணியின் குறுக்கே 1843இல் கட்டிய சுலோசன முதலியார் பாலம், கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக இருந்தவர் கைப்பணம் போட்டுக் கட்டியது, அதற்கே தனியாக ஒரு பேச்சு வேண்டும். நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி, அப்புறம் காற்றாலைகள். கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர், அவரை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

திரும்பி வரும்போது அதே டீக்கடையில் நிறுத்தினோம். மச்சினன் பையை, ஹெல்மெட்டை, மிச்சமிருந்த காராச்சேவைக்கூட அந்தக் கல்லின்மேல் வைத்துவிட்டுத்தான் டீ சொன்னான். தம்பி மறுபடி கை காட்டுகிறார். வணக்கம்.