கடவுச்சொல் கேட்டுக்கொண்டே இருக்கும் திரை

வணக்கம் நேயர்களே.

லினக்ஸ் வகைகளான உபுண்டுவோ மின்ட்டோ, புதிய பதிப்புக்கு அப்கிரேட் முடித்துக் கணினியை ரீஸ்டார்ட் செய்கிறீர்கள். லாகின் திரை வழக்கம்போல வருகிறது. கடவுச்சொல்லை அடிக்கிறீர்கள். திரை ஒரு நொடி கறுக்கிறது, மறுபடி அதே கடவுச்சொல் பெட்டி வந்து நிற்கிறது. தவறான கடவுச்சொல் என்று திட்டினாலாவது பரவாயில்லை, அதுவும் கிடையாது. எத்தனை முறை அடித்தாலும் இதே கதை.

உடனே பக்கத்தில் இருக்கும் யாராவது சொல்லுவார்: "ஃபார்மட் பண்ணிட்டு மறுபடியும் போட்டுடுங்க." இந்த ஆலோசனையின் மேல் எனக்கு வெகுநாள் கோபம் உண்டு. நாடகத்தில் திரைச்சீலை சிக்கிக்கொண்டு மேலே ஏறவில்லை என்றால் கொட்டகையைப் பிரித்துப் போட மாட்டோம். நடிகர்கள் எல்லோரும் வேஷம் கட்டிக்கொண்டு உள்ளேதான் நிற்கிறார்கள். உங்கள் கோப்புகளும் அப்படியே பத்திரமாக இருக்கின்றன.

லினக்ஸில் நாம் பார்க்கும் டெஸ்க்டாப் ஒரே நிரல் இல்லை. அடியில் கெர்னல், அதாவது வன்பொருளை இயக்கும் மையப்பகுதி. அதோடு சேர்ந்து கிராபிக்ஸ் டிரைவர். அதன்மேல் படத்தைத் திரைக்குக் கொண்டுவரும் எக்ஸ்11 அல்லது வேலேண்ட். பிறகு கடவுச்சொல் கேட்கும் நிரல். கடைசியில்தான் க்னோம், கேடிஇ, சின்னமன் என்று பல பெயர்களில் வரும் டெஸ்க்டாப்கள். ஒவ்வொன்றையும் எழுதுபவர்கள் வேறு வேறு ஆட்கள். அப்கிரேட் என்பது இத்தனையையும் ஒரே நேரத்தில் மாற்றுகிற வேலை. அதனால் எது உடைந்தது என்று கண்டுபிடித்துவிட்டால் வேலையில் பெரும்பகுதி முடிந்த மாதிரி.

கட்டளைகளை வானொலியில் சொல்வது கொஞ்சம் சிரமம்தான். பேனா, காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள், நிறுத்திச் சொல்கிறேன்.

முதலில் கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்தியபடி எஃப்3 விசையை அழுத்துங்கள். சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் லாகின் என்று கேட்கும். பயனர் பெயரைக் கொடுங்கள், பிறகு கடவுச்சொல். இங்கே கடவுச்சொல் அடிக்கும்போது புள்ளியோ நட்சத்திரமோ எதுவும் தெரியாது. விசைப்பலகை செத்துவிட்டது என்று பலர் பயந்துவிடுவது இந்த இடத்தில்தான். பேசாமல் அடித்து என்டர் தட்டுங்கள். உள்ளே போய்விட்டால் கெர்னலும் உங்கள் கணக்கும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம்.

அடுத்து, டி, எஃப், ஒரு இடைவெளி, ஹைஃபன், ஹெச். வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று இது சொல்லும். வெறும் சாய்கோடு மட்டும் இருக்கும் வரிசையில் 100 சதவீதம் என்று இருந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். அப்கிரேட் நிறைய பேக்கேஜ்களை, அதாவது மென்பொருள் பொட்டலங்களை, இறக்கி வைக்கும், பழைய கெர்னல்களும் அப்படியே கிடக்கும். உள்ளே நுழையும்போது டெஸ்க்டாப் சில சின்னக் கோப்புகளை எழுதியாக வேண்டும். எழுத இடமில்லை என்றால் சத்தமில்லாமல் வெளியே வந்துவிடும். சுடோ என்றால் நிர்வாகி அதிகாரத்தோடு செய் என்று அர்த்தம், ஏபிடி என்பது பேக்கேஜ்களை நிறுவவும் நீக்கவும் உதவும் நிரல். சுடோ ஏபிடி கிளீன், பிறகு சுடோ ஏபிடி ஆட்டோரிமூவ். பல வீடுகளில் கதை இதோடு முடிந்துவிடும்.

இடம் தாராளமாக இருக்கிறதா? சரி. மின்ட்டின் சின்னமன் போல எக்ஸ்11 முறையில் ஓடும் டெஸ்க்டாப் என்றால், உங்கள் கோப்புகளும் அமைப்புகளும் இருக்கும் ஹோம் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் எக்ஸ்அதாரிட்டி என்ற கோப்பைப் பாருங்கள். எக்ஸ்11 திரைக்குள் உங்களை விடும் சாவி அது. எல்எஸ், இடைவெளி, ஹைஃபன், எல், இடைவெளி, கோப்பின் பெயர். உரிமையாளர் இடத்தில் உங்கள் பெயருக்குப் பதில் ரூட், அதாவது நிர்வாகி, என்று இருந்தால், உங்கள் சாவி வேறொருவர் பெயரில் இருக்கிறது. என்றைக்கோ ஒரு நாள் திரையில் ஓடும் நிரலை சுடோ போட்டுத் திறந்திருப்பீர்கள், அதன் விளைவு இது. அந்தக் கோப்பைச் சுடோ போட்டு வேறு பெயருக்கு மாற்றிவிடுங்கள். அடுத்த முறை நுழையும்போது புதிதாக ஒன்று தானே உருவாகும்.

அப்கிரேட் நடுவில் கரண்ட் போனதா? அப்படியென்றால் பேக்கேஜ்கள் பாதி வெந்தும் வேகாமலும் நிற்கும். சுடோ டிபிகேஜி, இரண்டு ஹைஃபன், கான்ஃபிகர், இடைவெளி, ஹைஃபன், ஏ. விட்ட இடத்திலிருந்து தொடரும். அப்புறம் சுடோ ஏபிடி, இரண்டு ஹைஃபன், ஃபிக்ஸ், ஹைஃபன், புரோக்கன், இடைவெளி, இன்ஸ்டால். இதற்கு இணையம் வேண்டும். கறுப்புத் திரையில் என்எம்டியுஐ என்று அடித்தால் வைஃபையைத் தேர்ந்தெடுக்க ஒரு சின்னப் பட்டியல் வரும். இல்லையென்றால் கைபேசியை யூஎஸ்பி கம்பியில் இணைத்து டெதரிங் கொடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஏபிடி எதையாவது நீக்கப்போகிறேன் என்று பட்டியல் காட்டினால் நின்று படியுங்கள். 2021இல் லைனஸ் டெக் டிப்ஸ் யூடியூப் அலைவரிசையின் லைனஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ் என்ற லினக்ஸ் வகையில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளை நிறுவப் போனார். பேக்கேஜ்களுக்குள் இருந்த முரண்பாட்டால், டெஸ்க்டாப்பையே நீக்கப்போவதாக ஏபிடி எச்சரித்தது. தொடர வேண்டுமென்றால் 'ஆமாம், நான் சொன்னதைச் செய்' என்ற பொருளில் ஓர் ஆங்கில வாக்கியத்தை முழுசாக அடிக்கச் சொன்னது. அடித்தார். டெஸ்க்டாப் போயே போய்விட்டது. பலர் அவரைக் கேலி செய்தார்கள். நான் அவர் பக்கம்தான். விளையாட்டு நிறுவ வந்தவர் அவ்வளவு நீளப் பட்டியலைப் படிப்பார் என்று எதிர்பார்ப்பதே தப்பு. பின்னர் ஏபிடியை எழுதுபவர்களும் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, தனியாக ஒரு விருப்பம் கொடுத்தால்தான் அத்தியாவசியப் பேக்கேஜ்களை நீக்க முடியும் என்று மாற்றினார்கள்.

இதுவரை சொன்ன எதுவும் பொருந்தவில்லையா? இப்போது சொல்வதுதான் எனக்குப் பிடித்த சோதனை. சுடோ ஆட்யூசர், இடைவெளி, சோதனைக்கு ஏதாவது ஒரு பெயர். புதிய கணக்கு உருவாகும். உபுண்டுவில் கன்ட்ரோல் ஆல்ட் எஃப்1, மின்ட்டில் கன்ட்ரோல் ஆல்ட் எஃப்7 அழுத்தி லாகின் திரைக்குத் திரும்பி அந்தக் கணக்கில் நுழையுங்கள். டெஸ்க்டாப் ஜம்மென்று வந்தால் கணினியில் கோளாறு எதுவும் இல்லை. கோளாறு உங்கள் ஹோம் கோப்புறைக்குள் இருக்கும் பழைய அமைப்புகளில். அங்கேயும் வரவில்லை என்றால் டிரைவர் அல்லது பேக்கேஜ் பக்கம் போக வேண்டும்.

ஃபார்மட் ஆசாமிகள் பிரச்சினை தீராமல் திரும்பி வருவதும் இதனால்தான். ஹோம் பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு மறுபடி நிறுவினால் பழைய அமைப்புகளும் கூடவே வரும், அதே கோளாறும் வரும். கணினியைப் பழைய நிலைக்குத் திருப்ப மின்ட்டோடு வரும் டைம்ஷிஃப்ட் நிரலை நம்பியிருப்பவர்களும் இதைக் கவனியுங்கள். இயல்பான அமைப்பில் அது ஹோம் கோப்புறையைத் தொடாது. கோளாறு அங்கே இருந்தால் எத்தனை முறை பின்னோக்கிப் போனாலும் பலன் இல்லை. கோளாறு பேக்கேஜில் இருந்தால் அதைப் போல வரம் வேறில்லை.

ஹோம் பக்கம் என்று தெரிந்துவிட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, க்னோமில் நாம் ஆசையாகச் சேர்த்து வைத்திருக்கும் எக்ஸ்டென்ஷன்கள் என்ற கூடுதல் வசதிகள். 2023 செப்டம்பரில் வந்த க்னோம் 45, எக்ஸ்டென்ஷன் எழுதும் முறையையே மாற்றியது. அதற்கு முன் எழுதப்பட்டவை திருத்தி எழுதினால்தான் ஓடும். உபுண்டு 22.04இல் இருந்தது க்னோம் 42, 24.04இல் இருப்பது 46. இந்தத் தாவலில் பலருடைய எக்ஸ்டென்ஷன்கள் விழுந்ததற்குக் காரணம் அதுதான். ஹோமுக்குள் புள்ளி லோக்கல், அதற்குள் ஷேர், அதற்குள் க்னோம் ஷெல். அங்கிருக்கும் எக்ஸ்டென்ஷன்ஸ் கோப்புறைக்குப் பெயர் மாற்றிவிட்டு நுழைந்து பாருங்கள். கேடிஇயிலும் இதே கூத்துதான். 2024 பிப்ரவரியில் கேடிஇயின் டெஸ்க்டாப்பான பிளாஸ்மா 6 வந்தபோது 5க்காக எழுதிய விட்ஜெட்கள் என்ற குட்டி நிரல்கள் ஓடவில்லை. டெபியன் என்ற லினக்ஸ் வகையில் 12இலிருந்து 13க்குப் போகும் கேடிஇ பயனர்கள் இந்த எல்லையைத் தாண்டுகிறார்கள்.

ஹோமுக்குள் அமைப்புகள் இருக்கும் புள்ளி கான்ஃபிக் கோப்புறையை மொத்தமாகத் தூக்கிவிடச் சொல்பவர்கள் உண்டு. அவசரப்படாதீர்கள். குரோம் உலாவியின் புக்மார்க்குகள் அதற்குள்தான் இருக்கின்றன, லிப்ரே ஆபிஸின் அமைப்புகளும் அங்கேதான். அழிக்கவே வேண்டாம், பெயரை மட்டும் மாற்றுங்கள். டெஸ்க்டாப் வந்த பிறகு வேண்டியதைத் திரும்ப எடுத்து வைக்கலாம்.

என்விடியா கிராபிக்ஸ் அட்டை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு சிறப்புத் தலைவலி. கெர்னல் மாறும்போதெல்லாம் அந்த டிரைவரும் அதற்கேற்ற மாட்யூலோடு, அதாவது கெர்னலில் இணையும் துண்டோடு, வர வேண்டும். கணினி எழும்போது எஸ்கேப் விசையை, பழைய கணினி என்றால் ஷிஃப்டை அழுத்தி, கிரப் என்ற தொடக்கப் பட்டியலில் அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ் போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் டெஸ்க்டாப் வந்தால் புதிய கெர்னலுக்கு டிரைவர் சரியாக அமையவில்லை. நம்பகமான கையொப்பம் உள்ளதை மட்டும் ஏற்றும் செக்யூர் பூட் இயங்கும் கணினிகளில் அப்கிரேடுக்குப் பிறகு எம்ஓகே என்று ஒரு நீலத் திரை வந்து சில நொடி காத்திருந்துவிட்டுத் தானே போய்விடும். டீ குடிக்கப் போயிருந்தால் கவனித்திருக்க மாட்டீர்கள். அங்கே சாவியைப் பதிவு செய்யாவிட்டால் கெர்னல் அந்த டிரைவரை உள்ளே விடாது.

டெஸ்க்டாப் வந்துவிட்டது, ஆனால் தமிழில் தட்டச்சு வரவில்லை என்கிறீர்களா? நம்மவர்கள் பலருக்கும் வருகிற சிக்கல் இது. பெரும்பாலும் அப்கிரேட் உங்களை எக்ஸ்11இலிருந்து வேலேண்டுக்கு மாற்றியிருக்கும். லாகின் திரையில் பெயரைத் தேர்ந்தெடுத்த பிறகு கீழே மூலையில் தெரியும் பல்சக்கரத்தில் பழைய முறைக்குப் போகலாம், இப்போதைக்கு. உபுண்டு 25.10 க்னோமின் எக்ஸ்11 வாசலை மூடிவிட்டது, மற்றவையும் அந்தப் பக்கம்தான் போகின்றன. அதனால் வேலேண்டிலேயே சரிசெய்துகொள்வது நல்லது. தமிழ்த் தட்டச்சுக்கு உதவும் ஐபஸ் எம்17என் பேக்கேஜ் இருக்கிறதா என்று பாருங்கள், அமைப்புகளில் விசைப்பலகை பகுதிக்குப் போய்த் தமிழ்99ஐ மறுபடி சேருங்கள். எக்ஸ்11 காலத்தில் புள்ளி புரொஃபைல் கோப்பில் ஐஎம் மாட்யூல் என்று எழுதி வைத்த வரிகள் இருந்தால் அவற்றின் முன் ஒரு ஹேஷ் குறி போட்டுவிட்டு, வெளியேறி மறுபடி நுழையுங்கள். கேடிஇ வேலேண்டில் மட்டும் ஐபஸை விர்ச்சுவல் கீபோர்டு என்ற தலைப்பின் கீழ் தேர்ந்தெடுக்க வேண்டும். யாருக்கும் சட்டென்று தோன்றாத இடம், ஆனால் அங்கேதான் வைத்திருக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.